பட்டியலில் உள்ள பெயரும் கூண்டில் உள்ள உயிரும்

தெலுக் பிளாங்காவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பிராணி. நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரு கறுப்புக் கோடு, உருண்டைக் கண்கள். யாருடைய சட்டைப் பையிலிருந்தோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுகர் கிளைடர். ஏதோ ஒரு குழுவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘நன்றாகப் பழகியது, ஆஸ்திரேலிய வகை, கடைசி இரண்டு’ என்று கீழே போட்டிருந்தார்கள்.

“இங்க வைக்கக்கூடாதுன்னு தெரியும் அங்கிள். ஏன்னுதான் புரியல. ரெட் லிஸ்ட்ல போய்ப் பார்த்தேன், லீஸ்ட் கன்சர்ன்னு போட்டிருக்கு. அழியப்போற பிராணின்னா சரி. இதுதான் நிறைய இருக்கே?”

அன்று இரவு நானும் பார்த்தேன். பையன் சொன்னது சரி. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் பராமரித்துவரும் சிவப்புப் பட்டியலில் சுகர் கிளைடருக்குக் கிடைத்திருப்பது ‘கவலை குறைந்தது’ என்ற முத்திரை. அருகியது, மிக அருகியது போன்ற படிகளுக்கெல்லாம் கீழே, ஏணியின் அடியில் அது நிற்கிறது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களிலும் அதன் பெயர் இல்லை. படித்த பையன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். ‘கூடாது என்றால் கூடாது’ என்று அதட்டி அனுப்புவது சரியாகாது.

அந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்க, எங்கள் வட்டாரத்திலேயே இன்னொரு ‘கவலை குறைந்தது’ கிடைக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட் படகு முனையத்திலிருந்து பாத்தாமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குளிர்சாதன அறைக்குள் தூங்கிவிடுவார்கள். மே மாதத்தில் வெளியே நின்று பொறுமையாகப் பார்த்தால், கப்பல்களுக்கு நடுவே அலையை உரசியபடி கரும்பழுப்பு நிறப் பறவை ஒன்று எப்போதாவது போகும். குட்டைவால் ஷியர்வாட்டர். தென்கிழக்கு ஆஸ்திரேலியத் தீவுகளில் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். நம் குளிர்பதனப் பெட்டிகளெல்லாம் மூச்சுத் திணறும் மாதங்களில் அலாஸ்காவுக்கு அருகே பேரிங் கடலில் இரை தேடும். பெருங்கூட்டம் பசிபிக் வழியாகவே போகிறது. சிங்கப்பூர் நீரிணை வழியாக ஒரு சிலதான் வருகின்றன. இங்குள்ள பறவை ஆர்வலர்கள் படகெடுத்துப் போய் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். உலகில் மொத்தம் இரண்டு கோடிக்கு மேல். இதற்கும் ‘கவலை குறைந்தது’ முத்திரைதான்.

ஒரே முத்திரை என்றாலும் இரண்டின் பொருளும் ஒன்றல்ல. முதலில் இரண்டின் கூட்டத்துக்கும் உள்ள பெயர்களைப் பாருங்கள். சுகர் கிளைடர் சேர்ந்த ‘பைப்பாலூட்டி’ என்பது வம்சப் பெயர். கங்காரு, கோவாலா, சுகர் கிளைடர், அமெரிக்காவின் ஒப்போசம் என முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. முழுமையாக வளராத குட்டியை ஈன்று, பிறகு வெளியே வைத்துப் பாலூட்டி வளர்ப்பது அந்த வம்சத்தின் வழக்கம். சுகர் கிளைடரின் கர்ப்பகாலம் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிறக்கும் குட்டி ஒரு அரிசியைவிடப் பெரிதாக இருக்காது. தாயின் வயிற்றுப் பைக்குள் ஊர்ந்து போய்க் காம்பைப் பற்றிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கும். விற்பனைப் படங்களில் ‘பறக்கும் அணில்’ என்று போடுகிறார்கள். அணிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கங்காருவும் கோவாலாவும்தான் அதன் வரிசை. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவ இரு பக்கமும் தோல் விரிவது தொழில் ஒற்றுமை, அவ்வளவே. நம் புக்கிட் தீமா காட்டில் இரவில் அப்படித் தாவும் கொலுகோ பைப்பாலூட்டியும் அல்ல, அணிலும் அல்ல. தனக்கென ஒரு வரிசையையே வைத்திருக்கிறது.

‘கடற்பறவை’ என்பதோ தொழிற்பெயர். மீனவர் என்பதைப் போல. ஆலாவும் கடற்காகமும் ஒரு வரிசை, ஷியர்வாட்டரும் ஆல்பட்ராஸும் வேறொன்று, பூபியும் ஃபிரிகேட் பறவையும் இன்னொன்று, பென்குவின்கள் தனி. கடலை நம்பிப் பிழைப்பதால் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு வேடிக்கை: உலகையே சுற்றிவரும் ஷியர்வாட்டருக்கு நெருங்கிய சொந்தம், பறக்கவே தெரியாத பென்குவின். இருவரையும் ஒரே தீவில் ஒரே கதி தேடிவந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் ஒன்றானால் ஆபத்தும் ஒன்றாகிவிடுகிறது. கடற்பறவைகள் சுமார் 360 சிற்றினங்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அழிவின் ஏதோ ஒரு படியில் நிற்கிறது. முட்டையிடும் தீவுக்கு எலியும் பூனையும் வந்து சேர்வது, தூண்டிலிலும் வலையிலும் சிக்குவது, கடல் வெப்பமாவது என்று காரணங்கள் எல்லா வரிசைகளுக்கும் பொது. மெதுவாகப் பெருகுபவை என்பதும் பொது. குட்டைவால் ஷியர்வாட்டர் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அது உடைந்தால் அந்த ஆண்டுக்கு வேறு கிடையாது. இரண்டு கோடி என்பது பெரிய எண்தான், ஆனால் கணக்குப்பிள்ளை மெதுவாகத்தான் வரவு வைக்கிறார். 2019 கோடையில் அலாஸ்காக் கரைகளில் இப்பறவைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்து ஒதுங்கின.

ஓர் இடத்துக்கு வந்து சேர்வதிலும் கடற்பறவைக்கும் பைப்பாலூட்டிக்கும் வேறுபாடு உண்டு. கடற்பறவை தன் சிறகில் வரும். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. பைப்பாலூட்டிகள் கிழக்கிலிருந்து இயற்கையாக எட்டிய எல்லை சுலவேசி. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-ல் சிங்கப்பூரில் இறங்கி, புக்கிட் தீமாவில் வண்டு பிடித்துப் பழகி, பின்பு கிழக்கே போய்க் கண்டுகொண்ட கோடு இதுதான்: போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே, பாலிக்கும் லொம்பொக்குக்கும் நடுவே உயிரினங்கள் மாறிவிடுகின்றன. நாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். இந்தியாவும் இலங்கையும் அப்படியே. ஆகவே சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடொன்றில் சுகர் கிளைடர் இருந்தால், அது யாரோ ஒருவர் கையில்தான் வந்திருக்க முடியும். யார் கை, எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

‘ஆஸ்திரேலிய வகை’ என்றது விளம்பரம். ஆஸ்திரேலியா தன் சொந்தப் பாலூட்டிகளை உயிருடன் வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதே இல்லை. 2019-ல் வெளியான மரபணு ஆய்வொன்று அமெரிக்க வீடுகளில் வளரும் சுகர் கிளைடர்களைச் சோதித்தது. அங்கும் எல்லோரும் ஆஸ்திரேலியச் சரக்கு என்றே நம்பியிருந்தார்கள். அவற்றின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மேற்குப் பாப்புவாவில் உள்ள சோரோங் பகுதி என்று தெரிந்தது. சோரோங் ஒரு துறைமுகம்.

அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி. 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டில் ‘சுகர் கிளைடர்’ என்று ஒரே பெயரில் வழங்கிவந்தவை மூன்று தனிச் சிற்றினங்கள் என்று மண்டையோட்டையும் மரபணுவையும் வைத்து நிறுவினார்கள். பழைய பெயர், பெட்டாரஸ் பிரெவிசெப்ஸ், கிழக்குக் கடலோரக் காடுகளில் வாழும் ஒன்றுக்கு மட்டும் மிஞ்சியது. உள்நாட்டில் பரவலாக உள்ளதற்கு பெட்டாரஸ் நொட்டேட்டஸ். வடக்குப் புல்வெளிக் காட்டில் உள்ளதற்கு பெட்டாரஸ் ஏரியல்.

பெயர்ப்பலகை மாற்றம்தானே என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். ‘கவலை குறைந்தது’ என்ற முத்திரை குத்தப்பட்டபோது அந்தப் பெயருக்குரிய நிலப்பரப்பு நியூகினியிலிருந்து ஆஸ்திரேலியாவின் தென்கோடி வரை நீண்டிருந்தது. அவ்வளவு பரந்த ஊருக்குச் சொந்தக்காரரைப் பற்றி யார் கவலைப்படுவார்? இப்போது அதே பெயருக்குக் கிழக்கே ஒரு கடலோரப் பட்டை மட்டும். அந்தப் பட்டையில்தான் 2019–20 கோடையின் காட்டுத்தீ மூண்டது. வடக்கே உள்ளதற்கு வாழிடம் சுருங்கிவருகிறது. சோரோங்கிலிருந்து கப்பலேறுவதை எந்தப் பெயரில் சேர்ப்பது என்பது வகைப்பாட்டாளர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. பையன் தேடிப் பார்த்த பெயர் ஒன்று, கூண்டில் விற்கப்படும் உயிர் வேறொன்று. ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் இருக்க, தம்பி போய் அரிசி வாங்குவதைப் போல.

கடற்பறவைப் பக்கத்திலும் இதே வழக்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் உள்ள குட்டிப் பென்குவின் பட்டியலில் ஒரே சிற்றினம், கவலை குறைந்தது. ஆனால் மரபணு ஆய்வுகள் இரு நாட்டுப் பறவைகளும் வேறு வேறு என்கின்றன. நியூஸிலாந்தின் ஒட்டாகோ கரையில் உள்ளவை சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து நீந்திவந்து குடியேறியவையாம். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை குறையும், முத்திரை மாறலாம். பறவைகள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முத்திரைக்குத் தேதியும் உண்டு. பால் பாக்கெட்டில் இருப்பதைப் போல. டாஸ்மேனியன் டெவில் என்ற கறுத்த, முரட்டுப் பைப்பாலூட்டி 1996-ல் கவலைப்பட வேண்டாத வகுப்பில் இருந்தது. அதே 1996-ல் டாஸ்மேனியாவின் வடகிழக்கில் முகம் வீங்கிய டெவில் ஒன்று புகைப்படத்தில் பதிவானது. கடித்துக்கொள்வதாலேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் புற்றுநோய். இரையைச் சுற்றிச் சண்டையிடும்போதும் இணைசேரும்போதும் கடித்துக்கொள்வது இவற்றின் சுபாவம்; நோய்க்கு அதுவே பாதை ஆயிற்று. 2008-ல் பட்டியல் திருத்தப்பட்டு ‘அருகியது’ ஆனது. நோய் பரவிய பல பகுதிகளில் அதற்குள் பத்தில் எட்டுக்கும் மேல் போய்விட்டன.

இனி அந்தத் தீவு.

நோய் தொடாத டெவில்களைத் தனியே காப்பாற்றி வைக்க, டாஸ்மேனியாவின் கிழக்கே மரியா தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். தேசியப் பூங்கா, நிரந்தரக் குடியிருப்பு கிடையாது, சுற்றிலும் கடல். 2012 நவம்பரில் 15, அடுத்த ஆண்டு 13, ஆக 28 டெவில்களை விட்டார்கள். சில ஆண்டுகளில் நூறை எட்டின. டெவில்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் திட்டம் அபாரம். தீவில் டெவில் இதற்கு முன் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் குட்டிப் பென்குவின்கள் இருந்தன, விடுவதற்குச் சற்று முந்தைய கணக்கெடுப்பில் சுமார் 3,000 ஜோடி. வளைகளில் குட்டைவால் ஷியர்வாட்டர்களும் இருந்தன. நாம் ஹார்பர்ஃபிரண்ட் படகிலிருந்து பார்ப்பதாகச் சொன்னேனே, அதே சிற்றினம். இரண்டும் தரையில் முட்டையிடுபவை. வளைக்குள் நுழையும் பற்களை அறியாதவை. 2021-ல் பேர்ட்லைஃப் டாஸ்மேனியா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தபோது தீவில் பென்குவின் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஷியர்வாட்டர் கூட்டங்களும் காலியாகியிருந்தன.

இது எதிர்பாராத விபத்து அல்ல. விடுவதற்கு முன்பே, 2011-ல், மாநில அரசுத் துறையின் அறிக்கை பென்குவின்களுக்கும் ஷியர்வாட்டர்களுக்கும் கேடு வரும் என்று எழுதியிருந்தது. எழுதிவிட்டுத்தான் விட்டார்கள். ‘அருகிய’ ஒன்றுக்காகக் ‘கவலை குறைந்த’ இரண்டைச் செலவழிக்கலாம் என்ற கணக்கு. உலக அளவில் அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெவில் இல்லாமல் போனால் அந்தப் பேரினமே போய்விடும். பென்குவின்கள் வேறு தீவுகளில் இருக்கின்றன. ஆனால் மரியா தீவில் நின்று பார்க்கிறவருக்கு ‘கவலை குறைந்தது’ என்ற சொல் எந்தத் தகவலையும் தரவில்லை. முத்திரை உலகம் முழுவதையும் சேர்த்துக் கூட்டிப் போட்டது; உயிர்களோ ஓர் இடத்தில்தான் வாழ்கின்றன, அங்கேதான் சாகின்றன.

சிங்கப்பூருக்கும் இப்படிச் செலவு எழுதிய அனுபவம் உண்டு, நேரடியாகவே. ஜாவாவுக்குத் தெற்கே, இங்கிருந்து சுமார் 1,300 கிலோமீட்டரில் கிறிஸ்மஸ் தீவு. 1888-ல் பிரிட்டன் கைப்பற்றியது, பிறகு சிங்கப்பூரிலிருந்தே ஆளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பாஸ்பேட் தோண்ட ஆட்களை இங்கிருந்து கப்பலேற்றினார்கள். 1958 அக்டோபர் 1 அன்று தீவு ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. இழந்த பாஸ்பேட் வருவாய்க்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கிடைத்தது. மலேசியத் தோட்டங்களில் ரப்பருக்கும் செம்பனைக்கும் உரமாகப் போட்ட கிறிஸ்மஸ் தீவுப் பாஸ்பேட் அந்த மண்தான். தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்கள் சிலருக்கு அந்த உரமூட்டையின் பெயர் நினைவிருக்கும்.

அந்த மண்ணுக்கு மேலே இருந்த காட்டில் அபட் பூபி கூடு கட்டியது, இன்றும் கட்டுகிறது. இப்போது உலகில் வேறெங்கும் கட்டுவதில்லை. 1893-ல் அறிவியல் பெயர் பெற்றபோது மாதிரிப் பறவை கிடைத்தது மேற்கு இந்தியப் பெருங்கடலின் அசம்ப்ஷன் தீவிலிருந்து. அங்கே உரத்துக்காகக் குவானோ தோண்டினார்கள், பறவை போய்விட்டது. கிறிஸ்மஸ் தீவில் அது உயர்ந்த மரங்களின் உச்சியில் ஒற்றைக் குஞ்சை வளர்க்கிறது. குஞ்சு ஓராண்டுக்கு மேல் பெற்றோரை நம்பியிருக்கும். தரையில் விழுந்தால் அதனால் மேலெழ முடியாது, விழுந்தது விழுந்ததுதான். சுரங்கத்துக்காகக் காட்டில் வெட்டிய திறப்புகள், வெட்டிய இடத்து மரங்களை மட்டும் கொல்லவில்லை. திறப்பின் ஓரத்தில் காற்று சுழன்று குமுறுகிறது. வெட்டாமல் நின்ற மரத்துக் கூடுகளிலிருந்தும் குஞ்சுகள் கீழே விழுந்தன. கோடரி படாத இடத்திலும் கேடு. இந்த வழிமுறையை ஆய்வாளர்கள் கண்டுகொள்வதற்குள் காடு நிறையப் போயிருந்தது.

அபட் பூபி இன்று ‘அருகியது’. அதன் வகைப்பாட்டுக் கதை சுகர் கிளைடரின் கதைக்கு நேர் எதிர். அங்கே ஒரு பெயருக்குள் பலர் ஒளிந்திருந்தார்கள். இங்கே மற்றப் பூபிகளோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்த பறவை, 1988-ல் எலும்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் தனி என்று தெரிந்து, பாப்பசூலா என்ற பேரினத்தில் தன்னந்தனியாக வைக்கப்பட்டது. அது போனால் ஒரு சிற்றினமல்ல, ஒரு பேரினம் போகும்.

அதே தீவில் மட்டுமே முட்டையிடும் கிறிஸ்மஸ் தீவு ஃபிரிகேட் பறவையும் சிங்கப்பூர் வானத்துக்குப் புதியதல்ல. இங்கே எப்போதாவது பதிவாகியிருக்கிறது. நெடுங்காலம் ‘மிக அருகியது’ வகுப்பில் இருந்த பறவை. கடலை நம்பி வாழ்ந்தும் தண்ணீரில் இறங்க முடியாது, இறகு ஊறிவிடும். 2005-ல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை தேடி ஜாவாவையும் போர்னியோவையும் கடந்து 26 நாளில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றிவிட்டுக் கூட்டுக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட பறவைக்கு எந்த நாட்டுப் பட்டியல் பொருந்தும் என்று நான் யோசிப்பதுண்டு.

நாட்டுப் பட்டியல் என்றதும் நினைவுக்கு வருவது சின்ன ஆலா. உலகப் பட்டியலில் கவலை குறைந்தது. சிங்கப்பூரின் சொந்தச் செந்தரவு நூலின் 2008 பதிப்பில் அது அபாயத்தில் உள்ள பறவை. காரணம் எளிது: வெற்று மணலில் முட்டையிடும். நம்மிடம் வெற்று மணல் என்றால் கடலைத் தூர்த்துப் புதிதாக எடுத்த நிலம். கட்டுமானம் தொடங்கும் வரைதான் ஆலாவுக்குக் குடியிருப்பு உரிமை. பாத்தாம் படகுத் தடத்தில் குளிர்காலத்திலும் வலசைக் காலத்திலும் மிதக்கும் மரக்கட்டைமேல் உட்கார்ந்து வரும் அலூஷியன் ஆலாவின் கணக்கு வேறு மாதிரி. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் முட்டையிடும் பறவை அது. அலாஸ்காவில் அறியப்பட்ட கூட்டங்கள் 1960 முதல் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டதாக 2015-ல் ஓர் ஆய்வு கண்டது. யாரும் எண்ணிப் பார்க்காததால் அதுவரை யாருக்கும் கவலை இல்லை. கவலை குறைவுக்கு அப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்தின் புக்கிட் மேரா, அதாவது செங்குன்று, என்ற பெயருக்கே கடல்தான் காரணம் என்கிறது மலாய்க் கதை. கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைத்தண்டு அரண் கட்டித் தடுக்க யோசனை சொன்ன சிறுவனை, அவன் அறிவுக்கு அஞ்சி அரசன் கொன்றான். அந்த ரத்தம் குன்றைச் சிவக்கச் செய்தது. யோசனை சொல்கிறவன் கதி இந்த ஊரில் என்றுமே அவ்வளவாகச் சரியில்லை என்று பையனிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அவன் கேள்விக்கு வந்தேன்.

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள சிறு பாலூட்டிகளின் பட்டியல் குறுகியது: முயல், ஹாம்ஸ்டர், ஜெர்பில், கினிப்பன்றி, சுண்டெலி, சின்சில்லா. சுகர் கிளைடர் அதில் இல்லை. உரிமமின்றி விலங்கைக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டம் பிராணி அரிதா மலிவா என்று கேட்பதே இல்லை. நோய் வருமா, தப்பித்தால் காட்டில் பெருகுமா, இங்கே அதைப் பராமரிக்க முடியுமா என்பவை அதன் கேள்விகள். பையன் பார்த்த பட்டியல் முற்றிலும் வேறொரு கேள்விக்கு எழுதிய விடை: இந்தப் பெயருள்ள சிற்றினம் அடுத்த சில தலைமுறைகளில் உலகிலிருந்து மறையும் வாய்ப்பு எவ்வளவு? ஒரு தேர்வின் விடைத்தாளை இன்னொரு தேர்வுக்குக் கொடுத்தால் மதிப்பெண் வராது.

கூண்டில் அதற்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். காட்டில் கூட்டமாக, மரப்பொந்தில் ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கும் பிராணி. இரவு முழுக்க விழித்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை மிதந்து தாவி, மரப்பாலும் தேனும் பூச்சியும் தின்னும். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் அந்தத் தாவலின் அளவு புரியும். நான்கறை வீட்டின் கூண்டில் தனியாக விட்டால் நள்ளிரவில் நாய்க்குட்டியைப் போலக் குரைக்கும், தன் உடலையே கடித்துக்கொள்ளும். பழமும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து பின்னங்கால்கள் விழுந்துவிடும். பத்து ஆண்டுக்கு மேல் உயிர்வாழும். சட்டவிரோதமாக வாங்கியவர் நோய் வந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவும் தயங்குவார்.

தயங்குகிறவர் அடுத்துச் செய்யக்கூடிய காரியம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஓர் இரவில் மவுண்ட் ஃபேபர் ஏறி, ‘இயற்கையிடம் திரும்பிப் போ’ என்று கூண்டைத் திறந்துவிடுவது. டாஸ்மேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ கொண்டுபோய் விட்ட சுகர் கிளைடர்கள் இன்று அங்குள்ள காடுகளில் மரப்பொந்துகளுக்குள் நுழைந்து, முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் ஸ்விஃப்ட் கிளியைத் தின்கின்றன. தாய், முட்டை, குஞ்சு எல்லாம். 2014-ல் இதை ஆவணப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கிளி ‘மிக அருகியது’ ஆனது. கிளியை அந்தப் படிக்குத் தள்ளியவற்றுள் ஒன்று, சட்டைப் பையில் அடங்கும் கவலை குறைந்த பிராணி. தெலுக் பிளாங்காக் குன்றிலும் மரப்பொந்துகள் இருக்கின்றன, அவற்றில் மரங்கொத்திகளும் கிளிகளும் குடியிருக்கின்றன.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்கலாம். பையனுக்கும் அந்த எண்ணைக் கொடுத்தேன். அவனுடைய வகுப்புத் தோழன் வீட்டில் ஒன்று இருப்பதாகப் பிறகுதான் மெல்லச் சொன்னான்.

போகும் முன் அவன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: இது எந்த ஊரிலிருந்து வந்தது? பதில் உடனே வந்தது. ஒரு கங்காருப் படம், கூடவே ‘ஒரிஜினல் ஆஸ்திரேலியா’. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் விளம்பரம் அப்படியேதான் இருந்தது. கடைசி இரண்டு.